மண் சரியும் வீட்டை விட்டுப் போவது அவிசுவாசமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. கணவர் இறந்துவிட்டார். சென்ற மழையில் பின்சுவர் விரிசல் விட்டது. மழை வலுத்தால் பள்ளிக்கூட முகாமுக்கு வந்துவிடும்படி வருவாய்த் துறையினர் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து ஜெபிக்கும் ஊழியர் ஒருவர், தேவன் காப்பார் என்று சொல்லும் 91-ஆம் சங்கீதத்தை நம்புகிறவள் ஓடமாட்டாள் என்றும், 11,000 ரூபாய் விசுவாசக் காணிக்கை கொடுத்தால் வீடு காக்கப்படும் என்றும் சொல்கிறார். நான் முகாமுக்குப் போனால் அது அவிசுவாசமா?

பதில்: இல்லை, சகோதரி. மழை வலுத்ததும் இருட்டுவதற்கு முன்பே போய்விடுங்கள்.

அந்தச் சங்கீதத்தைத் தவறாகக் காட்டியவர்களில் உங்கள் ஊழியர் முதல் ஆள் அல்ல. தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தித் தாழக் குதிக்கச் சொன்ன பிசாசு, ஆதாரமாக எடுத்துக்கொண்டது, தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்னும் அதன் 11, 12-ஆம் வசனங்களைத்தான். “உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக” என்பதே இயேசு சொன்ன மறுமொழி. எச்சரிக்கை வந்த பிறகும் விரிசல் விட்ட சுவரடியில் படுத்துக்கொண்டு, கர்த்தர் தாங்கட்டும் என்று இருப்பதும் அந்த உப்பரிகையில் நிற்பதுதான். அதே சங்கீதத்தின் 15-ஆம் வசனம் “ஆபத்தில் நானே அவனோடிருந்து” என்கிறது. விசுவாசிக்கு ஆபத்தே வராது என்றால் இந்த வார்த்தைக்கு வேலை இல்லை. ஏரோது ராஜா குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடியபோது, தூதன் வந்து பெத்லகேம் வீட்டைச் சுற்றி வேலி போடவில்லை. எழுந்து எகிப்துக்கு ஓடிப்போ என்றான், யோசேப்பும் அன்றிரவே புறப்பட்டார். உங்களுக்கு அந்தச் செய்தி கிராம நிர்வாக அலுவலர் வழியாக வந்திருக்கிறது.

2009 நவம்பரில் நம் நீலகிரி மாவட்டத்தில் மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்கெல்லாம் விசுவாசம் போதவில்லை என்று அவர்களுடைய வீட்டாரிடம் போய்ச் சொல்ல அந்த ஊழியருக்குத் துணிவு உண்டா? சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று லூக்கா 13-இல் இயேசுவே சொல்லியிருக்கிறார்.

இனி அந்த 11,000 ரூபாய். வீடு வீடாக வந்து ஜெபிப்போரில் சிலர் காணிக்கையில் பங்கு வாங்கும் தரகர்கள். தொகையை அவர்களே நிர்ணயிப்பார்கள், ரசீது தரமாட்டார்கள், பணம் அனுப்பக் கொடுக்கும் எண் ஒரு தனிநபர் பெயரில் இருக்கும், ஆயரிடம் சொல்ல வேண்டாம் என்பார்கள். காணிக்கையை அவனவன் தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன் என்று பவுல் எழுதினார். வசூலிக்க வந்தவன் நியமித்தபடி என்று எழுதவில்லை.

நீங்கள் மறுத்தால் மல்கியா 3:10-ஐ எடுப்பார்கள். தேவனைச் சோதிக்கலாகாது என்ற விதிக்கு விலக்குப் போல நிற்கும் வசனம் அது: தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, கொண்டுவந்து “என்னைச் சோதித்துப் பாருங்கள்” என்று கர்த்தரே சொல்கிறார். விலக்கு உண்மைதான். ஆனால் அது ஆலயத்துப் பண்டசாலைக்குச் சேரவேண்டிய விளைச்சலைப் பற்றியது. வீட்டைக் காப்பதற்கான கட்டணத்தைப் பற்றியது அல்ல. அந்தத் தசமபாகம் யாருக்கு என்பதை உபாகமம் 14-இன் கடைசி வசனங்களில் பாருங்கள்: மூன்றாம் வருஷத்துப் பங்கு, ஆலய ஊழியம் செய்யும் கோத்திரத்தைச் சேர்ந்த லேவியனுக்கும், பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் உரியது. அதாவது, அந்த ஏற்பாட்டில் நீங்கள் பெற்றுக்கொள்ளும் வரிசையில் நிற்பவர். கடன் வாங்கியோ, பசுந்தேயிலைப் பணத்திலிருந்தோ உங்களைக் கொடுக்கச் சொல்வது அந்த வசனத்தைத் தலைகீழாக்குவதாகும்.

எங்கள் சபைகளின்மீதும் எனக்குக் கோபம் உண்டு. சந்தா நோட்டோடு மட்டும் வீட்டுக்கு வரும் சபை, விரிசலைப் பார்க்க ஒரு நாளும் வராவிட்டால், அந்த இடத்தில் தரகன் வந்து உட்கார்ந்துகொள்வான். பட்டாவுக்கு அலையவைக்கும் அலுவலகங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பட்டா நகல், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், வேதாகமம் ஆகியவற்றைப் பாலித்தீன் உறையில் கட்டி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. முகாமில் இடம் இல்லையென்றால், சபைக் கூடத்தைத் திறக்கும்படி உங்கள் சேகரத்தின் (சபைப் பகுதியின்) செயலரிடம் கேளுங்கள்; அவர் தயங்கினால், சந்தா ரசீதுகளை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.