வெள்ளோட்டத் தேரில் சாமி இல்லை

கேள்வி: எம்.எஸ்சி நர்சிங் படிக்கிறேன். சர்க்கரை நோயாளிகள் 200 பேரிடம் ஆய்வு செய்ய வேண்டும். அதற்கு முன் 20 பேரிடம் பைலட் ஸ்டடி (முன்னோட்ட ஆய்வு) செய்யச் சொல்கிறார் என் கைடு. இருபது பேரை வைத்து எதை நிரூபிப்பது? வீண் வேலைதானே?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: எதையும் நிரூபிக்க முடியாதம்மா. நிரூபிக்கச் செய்வதும் இல்லை.

பல வருடங்களுக்கு முன், 600 பேரிடம் செய்யவிருந்த ஆய்வுக்குப் பைலட்டாக ஒரு கிராமத்தில் வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு பார்க்கப் போனோம். ‘காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா?’ என்று தாளில் ஒரு கேள்வி. வரிசையாக எல்லாரும் இல்லை என்றார்கள். ஒரு பாட்டியிடம் ரத்தம் எடுக்கும்போது பேச்சுவாக்கில், “பசிக்கலையா பாட்டி?” என்றேன். “இப்பத்தானே டீ குடிச்சேன், பசி எங்கேருந்து வரும்?” என்றார். டீயைக் குடிக்கத்தானே செய்கிறோம், சாப்பிடுவதில்லையே! திரும்ப விசாரித்தால் பாதிப் பேர் குடித்திருந்தார்கள், அதுவும் சர்க்கரை போட்டு. நேராக அந்த 600 பேரிடம் போயிருந்தால்? கேள்வியை மாற்றினோம். எட்டு மணிக்குப் போனால் ஊரே நடவுக்குக் கிளம்பிவிடுகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஐந்தரைக்கே போய் நின்றோம்.

புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடும்போது உற்சவரை ஏற்றுவதில்லை. சக்கரம் உருள்கிறதா, தெருமுனையில் திரும்புகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஜோனஸ் சால்க் 1952ல் தன் போலியோ தடுப்பூசியை பிட்ஸ்பர்க் அருகே முதலில் போட்டது ஏற்கெனவே போலியோ வந்த குழந்தைகளுக்கு. நோயைத் தடுக்குமா என்பது அவர்களிடம் தெரியாது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் கூடுகிறதா என்றுதான் பார்த்தார். தடுக்குமா என்ற கேள்விக்கு 1954ல் 18 லட்சம் குழந்தைகள் தேவைப்பட்டார்கள்.

பைலட்டிலேயே முடிவைப் படித்துவிடுகிற ஆசை நம்மவர்களுக்கு அதிகம். ‘20 பேரில் ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை’ என்று பெருமையாக எழுதுவார்கள். கணக்குப் போட்டால், நூற்றுக்கு 14 பேருக்கு வரக்கூடிய பக்கவிளைவுகூட அந்த இருபதில் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

சரி, நீங்கள் பார்க்க வேண்டியது என்ன? ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை பேர் மாட்டேன் என்கிறார்கள், எந்தக் கேள்விக்கு விழிக்கிறார்கள். தாளின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி பைலட்டுக்கும் வேண்டும். அப்புறம், அந்த 20 பேரை 200 பேர் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அதற்குள் கேள்விகளை மாற்றியிருப்பீர்கள்.