அரசு எதுவரை வரலாம்? கேள்விகளும் பதில்களும்

பொது நிர்வாகத்தைப் பல காலம் பாடமாக நடத்தியவன் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர்களில் பாதிப் பேர் எல்லாவற்றையும் அரசே செய்ய வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர் அரசு எதிலும் கை வைக்கக் கூடாது என்கிறார்கள். இரு தரப்புக்கும் என் பதில் முழுசாகப் பிடிக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (சொந்தத் தொழில் செய்பவர்): சார், காவல்துறை, நீதிமன்றம், ராணுவம் இந்த மூன்றோடு அரசு நின்றுகொள்ளட்டும். மற்றதைத் தேவைப்படுகிறவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். இதில் என்ன தப்பு?

பதில்: தீயணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் மூன்றில் இல்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரம். நகருக்கு வெளியே இருப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் கட்டினால்தான் நகரத்துத் தீயணைப்பு வண்டி வரும் என்று அப்போது விதி இருந்தது. 2010-இல் ஒரு குடும்பம் அந்தப் பணத்தைக் கட்டவில்லை. வீடு பற்றிக்கொண்டது. எவ்வளவு கேட்டாலும் இப்போதே தருகிறோம் என்று தொலைபேசியில் கெஞ்சினார்கள். வண்டி வரவில்லை. நெருப்பு பக்கத்து வயலுக்குப் பரவியது. அந்த வயல்காரர் பணம் கட்டியவர், அதனால் வண்டி வந்தது. வயலில் பிடித்த தீயை அணைத்துவிட்டு, கண்ணெதிரே வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கணக்குப்படி பார்த்தால் அவர்கள் செய்ததில் ஓட்டை இல்லை. தீப்பிடித்த பிறகு பணம் வாங்கிக்கொண்டு அணைப்பதென்றால் முன்கூட்டி ஒருவரும் கட்ட மாட்டார்கள். ஆனால் நெருப்புக்கு ரசீது பார்க்கத் தெரியாது. கட்டாதவன் வீட்டில் பிடித்த தீ கட்டியவன் வயலுக்கு வந்தே தீரும்.

லண்டன் இதை முன்பே அனுபவித்துவிட்டது. 1666 பெருந்தீக்குப் பிறகு அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் சொந்தமாகத் தீயணைப்பு ஆட்களை வைத்துக்கொண்டன. காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் தங்கள் தகடைப் பதித்தன. பக்கத்து வீட்டுத் தீ தங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்கு வருமே என்று, தகடு இல்லாத வீட்டையும் பெரும்பாலும் அணைக்க வேண்டியிருந்தது. 1833-இல் பத்து நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே படை அமைத்தன. 1861-இல் டூலி தெருக் கிடங்குகள் எரிந்தபோது ஏற்பட்ட நஷ்டம் அவர்களை ஒரு வழியாக்கிவிட்டது. இனி எங்களால் முடியாது, அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டவர்கள் அந்தத் தனியார் நிறுவனங்களேதான். 1866-இல் அது பொதுப் படையானது. இங்கே சித்தாந்தம் ஒன்றும் வேலை செய்யவில்லை. கணக்கு கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி (கல்லூரி மாணவி): அப்படியானால் தனியாரால் முடியாததை மட்டும் அரசு செய்ய வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முடியும், முடியாது என்று அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது, அம்மா. கலங்கரை விளக்கத்தைத்தான் பாடப்புத்தகங்கள் உதாரணமாகக் காட்டும்: அதன் ஒளி எல்லாக் கப்பலுக்கும் தெரியும், யாரிடம் காசு கேட்பது? அதனால் அரசுதான் கட்ட வேண்டும். 1974-இல் ரொனால்டு கோஸ் என்ற பொருளியலாளர் பழைய ஆவணங்களைப் புரட்டிவிட்டு, இங்கிலாந்தில் தனியார் கலங்கரை விளக்கங்கள் பல காலம் நடந்தன என்று காட்டினார். துறைமுகத்துக்கு வரும் கப்பலிடம் கட்டணம் வசூலித்தார்கள். தனியார் ஆதரவாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் அந்தக் கட்டணத்தை வசூலிக்கும் உரிமையை யார் கொடுத்தது? அரசுதான்.

நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வது இது: ஒரு சேவைக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. நடத்துவது ஒன்று, பணம் கொடுப்பது ஒன்று, விதி போட்டுக் கண்காணிப்பது ஒன்று. மூன்றையும் ஒருவரே செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தனிமனித சுதந்திரத்துக்காக 1859-இல் அவ்வளவு வாதாடிய ஜான் ஸ்டூவர்ட் மில், பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயம் என்று அரசு விதிக்கலாம் என்றார். ஏழைகளுக்குக் கட்டணத்தை அரசு கொடுக்கட்டும் என்றார். எல்லாப் பள்ளியையும் அரசே நடத்துவதைத்தான் எதிர்த்தார், எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துவிடும் என்று பயந்தார். சண்டை போடுகிறவர்களிடம் இந்த மூன்றில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தணிந்துவிடும்.

கேள்வி (ரயில் பயணி): ரயிலைத் தனியாரிடம் கொடுத்தால் உருப்படுமா, நாசமாகுமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: ஒரே வார்த்தையில் முடியாது. ஜப்பான் 1987-இல் தேசிய ரயிலைப் பிரித்துக் கொடுத்தது, பிரிட்டன் 1990-களில். ஜப்பானில் ஒரு வட்டாரத்துப் பயணிகள் நிறுவனத்திடமே தண்டவாளமும் வண்டியும் இருந்தன. பிரிட்டனில் தண்டவாளம் ரெயில்டிராக் என்ற நிறுவனத்திடம், வண்டிகள் வேறு பலரிடம், பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களிடம். 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டு அருகே விரிசல் விட்ட தண்டவாளம் நொறுங்கி, வண்டி தடம் புரண்டு 4 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது: தன் தண்டவாளங்களில் எங்கெல்லாம் விரிசல் இருக்கிறது என்பதே ரெயில்டிராக்குக்குச் சரியாகத் தெரியவில்லை. பயந்துபோய் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் வேகக் கட்டுப்பாடு போட்டார்கள். அடுத்த ஆண்டு நிறுவனம் திவால் நிலைக்குப் போனது. 2002-இல் லாபநோக்கு இல்லாத நெட்வொர்க் ரெயில் பொறுப்பேற்றது.

அதற்காக ஜப்பானைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். பழைய ரயில்வேயின் கடனில் பெரும்பங்கு மக்கள் தலையில்தான் விழுந்தது. ஆள் குறைந்த ஹொக்கைடோவில் ஓடும் நிறுவனம் இன்றும் அரசு உதவியில்தான் நிற்கிறது. தனியாரா அரசா என்று என்னிடம் கேட்பதை விட, தண்டவாளம் உடைந்தால் பதில் சொல்ல வேண்டிய ஆள் யார் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். நாலு பேர் பெயர் வந்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: குறைவாக ஆளும் அரசே நல்ல அரசு என்று அமெரிக்க அதிபராக இருந்த ஜெஃபர்சன் சொல்லியிருக்கிறாரே?

பதில்: அவர் எழுத்தில் அது எங்கேயும் இல்லை. 1849-இல் தோரோ என்ற அமெரிக்க எழுத்தாளர் அதை ஒரு பழமொழியாக எடுத்துப் போட்டுத் தன் கட்டுரையைத் தொடங்கினார். மேற்கோள் காட்டுகிறவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். கொஞ்சம் தள்ளி அவரே, உடனடியாக அரசே வேண்டாம் என்று கேட்கவில்லை, உடனடியாக இதைவிட நல்ல அரசு வேண்டும் என்றுதான் கேட்கிறேன் என்கிறார்.

கேள்வி (பைக் ஓட்டும் இளைஞர்): அண்ணா, என் தலை, என் உயிர். ஹெல்மெட் போடாவிட்டால் அரசுக்கு என்ன வந்தது?

பதில்: அடிபட்டால் சிகிச்சைக்கு ஊர்ப் பணம் செலவாகிறது என்றுதான் வழக்கமாகப் பதில் வரும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2012-இல் இந்த வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டது: 21 வயது ஆகியிருந்து, குறைந்தது 20,000 டாலர் மருத்துவக் காப்பீடும் இருந்தால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம். உன் செலவை நீயே பார்த்துக்கொள், அப்புறம் உன் இஷ்டம்.

எனக்கு அந்தச் செலவு வாதமே பிடிக்காது, தம்பி. அதை ஒப்புக்கொண்டால் அது எங்கே போய் நிற்கும்? நான் என்ன சாப்பிடுகிறேன், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்பதிலும் ஊர்ப் பணம் இருக்கத்தான் செய்கிறது. பெற்றோர் பிள்ளைக்குச் சொல்வது போல, உன் நன்மைக்காக அரசு உனக்குச் சொல்கிறது. இது பெற்றோர்த்தனம்தான் என்று நேராக ஒப்புக்கொள்வது மேல். ஆனால் சின்னப் பெற்றோர்த்தனம். வண்டியில் ஏறும்போது மாட்டுகிறாய், இறங்கினால் கழற்றிவிடுகிறாய். நீ யாராக வாழ வேண்டும் என்று அது உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன். மதுவை முழுசாகத் தடை செய்த அமெரிக்கச் சட்டத்தை ஆதரிக்க மாட்டேன். 1920 முதல் 1933 வரை இருந்தது. அது கள்ளச்சாராயக் கும்பல்களைத்தான் வளர்த்துவிட்டது.

கேள்வி (செவிலியர்): தடுப்பூசியைக் கட்டாயமாக்குவது சரியா? என் உடம்புக்குள் ஊசி போகும்போது ஹெல்மெட் மாதிரி கழற்றி வைக்க முடியாதே.

பதில்: வந்த கேள்விகளில் இதுதான் கனமானது. 1902-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியது. எல்லாரும் தடுப்பூசி போட வேண்டும் என்று உத்தரவு. ஒரு பாதிரியார் மறுத்தார். அவருக்குக் கிடைத்தது 5 டாலர் அபராதம். யாரும் அவரைப் பிடித்து அமுக்கி ஊசி போடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1905-இல் நகரத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் ஒருவரின் மறுப்பு ஊரை ஆபத்தில் தள்ளக் கூடாது என்றார்கள். உடல்நிலை காரணமாக ஊசி கேடு செய்யும் என்றால் அப்படிப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற கருத்தும் அதிலேயே இருந்தது. நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. 1927-இல் அதே நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்கு வந்தது. வர்ஜீனியா மாநிலம் ஓர் இளம்பெண்ணை மனவளர்ச்சி குன்றியவள் என்று முத்திரை குத்தி, பிள்ளை பெற முடியாதபடி அறுவை சிகிச்சை செய்ய நினைத்தது. எட்டு நீதிபதிகள் சரி என்றார்கள், ஒருவர்தான் மறுத்தார். தீர்ப்பு எழுதிய ஹோம்ஸ் காட்டிய முன்னுதாரணம் எது தெரியுமா? அந்தப் பாதிரியார் வழக்கு. கட்டாயத் தடுப்பூசியைத் தாங்கும் கொள்கை கருக்குழாயை வெட்டுவதையும் தாங்கும் என்று எழுதினார். இப்படிப்பட்ட சட்டங்களின் கீழ் அமெரிக்காவில் 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த அறுவை நடந்தது. அந்தப் பெண்ணுக்கு மனவளர்ச்சிக் குறை எதுவும் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

ஹோம்ஸ் எதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை என்று பாருங்கள். பெரியம்மை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். அந்தப் பெண்ணிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றவில்லை. பாதிரியார் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவளுக்கு மறுக்கும் வழியே இல்லை. வெட்டியதை ஒட்டவும் முடியாது. ஆகவே கட்டாயத் தடுப்பூசியை ஆதரிக்கிறேன்: நோய் உண்மையிலேயே பரவும்போது, மறுக்கிறவருக்கு அபராதமோ சில இடங்களுக்கு அனுமதி மறுப்போ என்ற அளவில். கையைப் பிடித்து இழுக்கும் கட்டத்தில் என் ஆதரவு முடிந்துவிடும். பெரியம்மை ஒழிந்தது என்று 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே, பல நாட்டு அரசுகள் இறங்கி வேலை செய்யாமல் அது நடந்திருக்காது. அதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: மறைக்க ஒன்றும் இல்லாதவன் அரசுக்குத் தகவல் கொடுக்க ஏன் பயப்பட வேண்டும்?

பதில்: நெதர்லாந்து மக்கள் பதிவேட்டில் ஒவ்வொருவரின் மதமும் இருந்தது. குறித்து வைத்தது நல்ல அரசு, நல்ல நோக்கம். 1940-இல் நாஜிகள் உள்ளே வந்ததும் பதிவேடு அவர்கள் கைக்குப் போனது. அந்நாட்டு யூதர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச்சில் எதிர்ப்புக் குழுவினர் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்கே தீ வைக்க வேண்டியிருந்தது. எஸ்தோனியாவில் இன்று மருத்துவப் பதிவு உட்படப் பல விவரங்கள் கணினியில் இருக்கின்றன, ஆனால் தன் பதிவை யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதைக் குடிமகன் தானே பார்க்கலாம். தகவல் கேட்கிற அரசிடம் நாம் பதிலுக்குக் கேட்க வேண்டியது குறைந்தபட்சம் அதுதான்.

கேள்வி (அரசு ஊழியர்): எல்லாரும் எங்களைத் திட்டுகிறார்கள். போட்டிக்குத் தனியார் வந்தால்தான் நீங்கள் திருந்துவீர்கள் என்கிறார்கள். அப்படியா சார்?

பதில்: சில சமயம். எப்போதும் இல்லை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் நைஜீரியாவில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அங்கே நிலக்கடலை மூட்டைகள் நெடுந்தூரம் போக வேண்டும், ரயில்தான் அதற்கு ஏற்றது. ஆனால் ரயில் மோசமாக ஓடியது. லாரிகள் போட்டிக்கு வந்தன. ரயில் திருந்தியிருக்க வேண்டும், இல்லையா? இன்னும் கெட்டுப்போனது. ஏனென்றால் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கக்கூடிய பெரிய வாடிக்கையாளர்கள் முதலில் லாரிக்கு மாறிவிட்டார்கள். நஷ்டத்தை அரசு ஈடுகட்டியதால் ரயில்வேக்கு வலிக்கவும் இல்லை. மிச்சம் இருந்தவர்களின் குரல் மேலே எட்டவில்லை.

அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை எங்கும் இதே கதை நடக்கலாம். வசதியும் வாய்ச்சாமர்த்தியமும் உள்ளவர்கள் வெளியேறிவிட்டால் கேட்பாரற்றுப் போகும். உங்கள் அலுவலகத்துக்கு நான் பரிந்துரைப்பது: விண்ணப்பத்துக்குக் கெடு தேதி, மறுத்தால் எழுத்தில் காரணம், அதை எழுதியவர் பெயர். நாளைக்கு வாங்க என்று வாயால் சொல்வது சுலபம். கையெழுத்துப் போட்டு எழுத யாருக்கும் அவ்வளவு சுலபத்தில் மனம் வராது.

கேள்வி (சட்ட மாணவர்): நெருக்கடி என்று சொல்லி அரசு எடுத்துக்கொள்ளும் அதிகாரம் திரும்பி வருமா?

பதில்: காலாவதித் தேதி போட்டு வாங்கினால் வர வாய்ப்பு உண்டு. அதுவும் உறுதி இல்லை. பிரிட்டனில் வருமான வரி 1799-இல் பிரான்ஸுடன் நடந்த போருக்காக வந்தது. போர் முடிந்ததும் 1816-இல் ஒழித்தார்கள். யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்ற ஆவணங்களையும் அழிக்கச் சொன்னார்கள். 1842-இல் ராபர்ட் பீல், மூன்றே ஆண்டுக்கு என்று சொல்லி மறுபடி கொண்டுவந்தார். சட்டப்படி அது இன்றும் தற்காலிக வரிதான். ஒவ்வோர் ஏப்ரல் 5-ஆம் தேதியும் காலாவதி ஆகிறது, நாடாளுமன்றம் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கிறது.