அட்டனில் அட்டை, பண்டாரவளையில் கச்சான்

(மலைநாட்டின் மரம், மிருகம், மழை பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு, நுவரெலியாப் பக்கம் முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்காவை யட்டியாந்தோட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவர் வீட்டு வாசலில் ரம்புட்டான், பின்னால் றப்பர். ஆசைப்பட்டு இங்கே கொண்டுவந்து நட்ட ரம்புட்டான் கன்று மூன்றாம் தடவையும் பட்டுப்போய்விட்டது. எங்கள் மண் சரியில்லையா?
– வாசகி, கொட்டகலை

பதில்: மண்ணைத் திட்டாதீர்கள் தங்கச்சி. குளிர்தான் காரணம். ஆயிரம் மீற்றர் மேலே ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை பாகை குறையும். கொழும்பின் வருடச் சராசரி 27 பாகை சொச்சம். நுவரெலியா நகரம் இருப்பது 1,868 மீற்றரில். பெருக்கிக் கழித்துப் பாருங்கள், 15, 16 என்று வரும். அங்கே அளந்தாலும் கிட்டத்தட்ட அதுதான். கொட்டகலை இரண்டுக்கும் நடுவில், இருபதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ரம்புட்டானுக்கு அது போதாது.

அடுத்த முறை அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது தூங்காமல் வெளியே பாருங்கள். யட்டியாந்தோட்டையில் றப்பர். கித்துல்கலையில் களனி கங்கைக் கரையோரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் மழைக்காட்டு மரங்கள். ஏற்றம் பிடித்து கினிகத்தேனைக்கு வந்தால் தேயிலையும் பலாவும் கித்துளும் கமுகும் கலந்து நிற்கும். வட்டவளை தாண்டியதும் கமுகைக் காணோம். அட்டனில் இறங்கும்போது பையில் இருக்கும் சுவெட்டரைத் தேடுவீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் நாலு ஊர்க் காலநிலையைக் கடந்து வந்திருக்கிறீர்கள், அதுவும் ஒரு டிக்கட்டில். ரம்புட்டானை விடுங்கள், மரத்தக்காளி நட்டுப் பாருங்கள். உங்கள் குளிருக்கு அது ஒத்துப்போகும்.

கேள்வி: அட்டனும் பண்டாரவளையும் ஏறத்தாழ ஒரே உயரம் என்கிறார்கள். ஆனால் ஆடி மாதம் நான் அட்டனுக்குப் போனால் மழையும் அட்டையும். எங்கள் ஊரில் உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் காய்கிறது. உயரம்தான் காரணம் என்றால் இது எப்படி?
– வாசகர், பண்டாரவளை

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். உயரம் பாதிக் கதைதான். எந்தப் பக்கத்துச் சரிவு என்பது மீதி.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கத்து மலைகளில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. உங்கள் பண்டாரவளைக்கு அதில் பாதிகூட இல்லை. சுமை இறங்கிய காற்று மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது சூடேறி, வறண்டு வீசும். அதுதான் கச்சான். (கொறிக்கிற கச்சான் இல்லை.) மார்கழி, தையில் வடகீழ்ப் பருவக்காற்று வரும்போது கதை தலைகீழாகும், மழை உங்கள் பக்கம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆடி மாதம் பதுளை ரயிலில் போங்கள். பட்டிப்பொல நிலையம் 6,200 அடிக்கு மேலே, நாட்டின் ரயில் நிலையங்களில் அதுதான் மிக உயரம். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். ஒரு தடவை நான் இந்தப் பக்கம் ஜன்னலை மூடிக்கொண்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பக்கம் வந்தால் கண் கூசும் வெயில். எதிரே இருந்த கிழவி, "தம்பி, கச்சான் பக்கம் வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே தன் சால்வையை மடித்துப் பையில் வைத்தார். பாடப் புத்தகத்தில் நான் இரண்டு பக்கம் படிப்பித்ததை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

இந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் ஏறுகிறது. ஊவாச் சரிவுகளில் காட்டுக்குப் பதிலாக மானாப்புல் நிற்பதற்கும் வறட்சியும் அடிக்கடி வைக்கிற தீயும்தான் காரணம். தேயிலைக்கு வரும் சீக்குகூட இடம் பார்த்துத்தான் வரும். 1946-இல் இங்கே வந்து சேர்ந்த கொப்புள நோய்க்கு மூட்டமும் ஈரமும் வேண்டும், நல்ல வெயில் அடித்தால் அடங்கிவிடும். தண்டில் குண்டூசித் துளை போடும் வண்டு நேர்மாறு. அதற்குச் சூடு பிடிக்கும், நுவரெலியா உயரத்தில் அதன் தொல்லை குறைவு.

கேள்வி: உயரம் கூடக் கூட உயிரினங்கள் குறையும் என்று ரியூசனில் சொன்னார்கள். ஆனால் ஹோட்டன் சமவெளியில்தான் அரிய உயிரினங்கள் இருப்பதாகவும் படிக்கிறோம். பரீட்சையில் எதை எழுதுவது, சேர்?
– உயர்தர மாணவி, தலவாக்கலை

பதில்: இரண்டையும் எழுதுங்கள் மகள். எண்ணிக்கை வேறு, தனித்தன்மை வேறு.

கீழ்நாட்டுச் சிங்கராஜா மழைக்காட்டில் ஓர் ஏக்கருக்குள் நிற்கும் அத்தனை மர வகைகளை ஹோட்டன் சமவெளியில் தேட முடியாது. கீழே முப்பது, நாற்பது மீற்றர் போகிற மரங்கள், மேலே வர வரக் கட்டையாகி, முறுக்கிக்கொண்டு, தலையைக் குடை மாதிரி விரித்துக்கொண்டு நிற்கும். கிளையெல்லாம் பாசி. ஆனால் அந்தக் குட்டை மரத்தில் இருப்பதில் பல, உலகத்தில் வேறெங்கும் இல்லை. காரணம் லேசானது. மலையுச்சி ஒரு தீவு மாதிரி. சுற்றிலும் கடலுக்குப் பதில் சூடு. குளிருக்குப் பழகிய ஓணான் கீழே இறங்கி அடுத்த மலைக்கு ஏற முடியாது. அங்கேயே இருந்து, காலப்போக்கில் வேறு இனமாகிவிடுகிறது. நக்கிள்ஸ் மலையின் இலைமூக்கு ஓணானும் நுவரெலியாப் பக்கத்துக் கொம்பு ஓணானும் சொந்தக்காரர்கள்தான், ஆனால் இனம் வேறு.

எனக்கு இதைப் படிப்பித்தது ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹக்கலைப் பக்கத்துப் பையன் ஒருவன் போத்தலுக்குள் பாசியும் ஒரு சின்ன ஓணானும் போட்டுக் கொண்டுவந்தான். விரல் நீளம், பாசி நிறம். அவசரமே இல்லாமல் நகரும், வாலைக் குச்சியில் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலை பார்த்தால் உள்ளே நாலு குஞ்சுகள், முட்டை ஓடு ஒன்றுகூட இல்லை. யாரோ பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று வகுப்பு முழுவதையும் விசாரித்தேன், ஒருவனை வெளியே நிற்கவும் வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஓணான் குட்டி போடும் இனம். குளிர்ந்த மண்ணில் முட்டையை விட்டுவிட்டுப் போவதைவிட, வயிற்றில் வைத்துக்கொண்டு வெயில் விழும் கிளைக்கு நகர்ந்தால் கரு சூடாக இருக்கும். அப்படியென்றால் மேலே எல்லாமே குட்டிதான் போடுமா என்று கேட்காதீர்கள். அதே காட்டில் கொம்பு ஓணான் முட்டைதான் இடுகிறது. வெளியே நின்ற பையனிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். ஓணானை ஐந்தையும் அவனே கொண்டுபோய் விட்டான்.

குரங்கையும் பாருங்கள். கீழ்நாட்டுக் கருங்குரங்கை விட நம் பக்கத்துக் கருங்குரங்குக்கு உரோமம் அடர்த்தி. வெள்ளைக்காரர் அதைக் கரடிக் குரங்கு என்றார்கள்.

கேள்வி: தேயிலை மலையும் பச்சைதானே? சுற்றுலா வருகிறவர்கள் இயற்கை, இயற்கை என்று படம் எடுக்கிறார்களே?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: பச்சைதான். ஆனால் ஒரே செடி, ஒரே உயரம். வருகிறவர்கள் படம் எடுக்கட்டும், அதில் நம் சனங்களின் உழைப்பும் தெரிந்தால் சரி.

அங்கே முன்பு நின்ற காடு முதலில் கோப்பிக்காகப் போனது. 1869-இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பிறகு அதே நிலத்தில் தேயிலை ஏறியது. மேலே ஏன் கொஞ்சம் மிஞ்சியது? 1873-இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விற்கவோ வெட்டவோ வேண்டாம் என்று காலனி அரசு முடிவெடுத்தது. இன்று நீங்கள் ஹோட்டன் சமவெளியிலும் சிவனொளிபாதமலையிலும் பார்க்கும் மூட்டக்காடு அந்தக் கோட்டுக்கு மேலே தப்பியது. நடுமட்டக் காட்டுக்கு அப்படி யாரும் பேசவில்லை.

மேல் காடு மூட்டத்தையே வடிகட்டும். மழை பெய்யாத காலையில்கூட மரத்தடியில் நின்றால் சட்டை நனையும். இலையிலும் பாசியிலும் ஒட்டும் துளிகள் சொட்டுகின்றன. உங்கள் லயத்துப் பீலியில் மாசி மாதமும் தண்ணீர் வருகிறதென்றால், மேலே எங்கேயோ கொஞ்சம் காடு இருக்கிறது.

கேள்வி: சூடு கூடினால் இவையெல்லாம் இன்னும் மேலே போய்விடாதா?
– வாசகர், அப்புத்தளை

பதில்: போகும், இடம் இருக்கும்வரை. நாட்டின் அதியுயர் மலை பிதுருதலாகலை, 2,524 மீற்றர். அங்கே இருக்கிற பாசி ஓணான் அதற்கு மேல் எங்கே ஏறும்? கீழிருந்து வருகிறவர்களுக்குத்தான் புது வீடு கிடைக்கும். ஹோட்டன் சமவெளியில் பல வருடங்களாகவே மரங்கள் நின்றபடி காய்கின்றன. வறட்சி, மண், மாசுபட்ட காற்று என்று ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். காகம் பெருகியதற்கு மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். நாம் வீசிவிட்டு வரும் சோற்றுப் பார்சலுக்கு வருகிறது, வந்த இடத்தில் ஓணானையும் கொத்துகிறது.

கேள்வி: பிள்ளைகளுக்கு இதையெல்லாம் ஒரே நாளில் காட்ட எங்கே போகலாம்?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறுங்கள். ஆனால் எல்லாரும் போகிற மாதிரி இரவில் வேண்டாம், விடிந்த பிறகு. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நின்று, பெரிய மரம் ஒன்றின் உயரத்தை மதிக்கச் சொல்லுங்கள். பிறகு இளைப்பாறும் ஒவ்வொரு அம்பலத்திலும் அதையே செய்யட்டும், கொப்பியில் எழுதட்டும். உச்சிக்குக் கிட்ட வரும்போது மரம் அவர்கள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கும். வழியில் சிவப்புக் கொத்தாக ரொடொடெண்ட்ரன் பூத்திருந்தால் பறிக்க விடாதீர்கள். மழை பெய்திருந்தால் முழங்கால்வரை சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போங்கள். அட்டை அப்படியும் ஏறும், கொஞ்சம் யோசித்து ஏறும்.