மனோரமா காமெடி நடிகையா, குணச்சித்திர நடிகையா?

"மனோரமா காமெடிதானே செய்தார், அவரைப் போய் குணச்சித்திர நடிகை என்று ஏன் தூக்கி வைக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்தவர் போலிருக்கிறது. தப்பில்லை, இப்போது எல்லாரும் அப்படித்தான்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். உடனே ஊர்ப்பாசம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் பிறந்ததுதான் மன்னார்குடி, வளர்ந்தது காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில். காரைக்குடிக்காரர்களுக்கு உரிமை அதிகம், ஒத்துக்கொள்கிறேன்.

எண்பதுகளில் தை அறுவடை முடிந்து கையில் காசு புரளும் நேரத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து சமூக நாடகம் போடுவோம். ஆண் வேஷமெல்லாம் நாங்களே. பெண் வேஷத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து நடிகைகளைப் பேசி அழைத்து வருவோம். ஒரு வருஷம் வந்த அம்மாவுக்கு இரண்டு வேஷம்: முதல் பாதியில் மோர்க்காரி, பிற்பாதியில் கதாநாயகனின் தாய். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினார், வசன நோட்டை ஒரு புரட்டு புரட்டினார், வெற்றிலை போட்டுக்கொண்டார். ஒத்திகை அவ்வளவுதான்.

எனக்குப் பண்ணையார் வேஷம். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது, நான் பாட்டுக்கு அடுத்த வசனத்துக்கு வாயைத் திறக்கிறேன். மோர்ச் சொம்பை நீட்டுகிற சாக்கில் அந்த அம்மா என் கையை அழுத்தி நிறுத்திவிட்டார். சிரிப்பு அடங்கத் தொடங்கியதும்தான் கையை விட்டார்.

பிற்பாதியில் அதே அம்மா வெள்ளைச் சேலையில் வந்து நின்றார். முன்னால் உட்கார்ந்திருந்த பொடிசுகள் "மோர்க்காரிடா" என்று சிரித்தார்கள். அவர் வாயே திறக்கவில்லை. சத்தம் தானாக ஓயும்வரை மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் முதல் வார்த்தை. என் ஆத்தா உட்பட எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். சிரிக்க வைத்ததும் அழ வைத்ததும் ஒரே தொழில்தான் என்று எனக்குப் பிடிபட்டது அங்கேதான்.

மனோரமாவும் மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர். 1958இல் 'மாலையிட்ட மங்கை', 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி, அப்புறம் பெரும்பாலும் துணை வேஷங்கள். ஆயிரம் படம், கின்னஸ் என்ற கணக்கெல்லாம் எனக்குப் பெரிதில்லை. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில் ஜில் ரமாமணியை முழுசாகப் பாருங்கள். நாடகக்காரியாகவே வருகிறார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் மேல் நமக்கு ஒரு பரிவு வந்துவிடும். பிறகு 1989இன் 'புதிய பாதை'. தேசிய விருது அதற்குத்தான், சிறந்த துணை நடிகை என்று.

இப்போது எங்கள் ஊரில் நாடகமே கிடையாது. எங்கிருந்து போடுவது? அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் படுதாவுக்கு அடியில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். பனி கொட்டுகிற மாதத்தில் நெல் எப்படிக் காயும்? மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறவர்கள் வேறு. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று இதற்கு எதிர்வாக்கு போடுவீர்கள். போடுங்கள்.