மாவு மில் தராசில் ஏறிய மகன்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பாளையங்கோட்டையில் பாக்சிங் பழகுகிறான். எடை 59 கிலோ. 55 கிலோ பிரிவில் இறங்க வேண்டும் என்று இரண்டு நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, உச்சி வெயிலில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடினான். போட்டியன்று காலை சரியாக 55. அன்று ராத்திரி எங்கள் தெரு மாவு மில் தராசில் ஏற்றிப் பார்த்தால் 58.5! ‘இதுதாம்மா டெக்னிக்’ என்கிறான். ஒரே நாளில் இப்படி ஏறினால் உடம்புக்கு ஒன்றும் செய்யாதா?
- ஒரு தாய், மேலப்பாளையம்

பதில்: அம்மா, ஏறினதைவிட இறங்கினதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பிழிந்து எடுத்த தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது, கூடவே கொஞ்சம் சோறும் உப்பும். ஆனால் தராசில் எடை திரும்பிவிட்டதாலேயே உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. வயிற்றுக்குள் போன தண்ணீர் உடம்பெல்லாம் சேர நேரமாகும். வற்றின உடம்போடு தலையில் குத்து வாங்குவது விளையாட்டில்லை. 1997இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் இப்படி எடை குறைக்கப் போய் சுமார் ஒரு மாத இடைவெளிக்குள் இறந்தே போனார்கள்.

உங்கள் மகன் பார்த்துப் பழகியது தொழில்முறைக்காரர்களின் வித்தை. அவர்களுக்கு முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள், நிரப்பிக்கொள்ள ஒரு நாள் கிடைக்கும். 2000இல் நியூயார்க்கில் 141 பவுண்டு (சுமார் 64 கிலோ) எல்லைக்கு எடை காட்டிய குத்துச்சண்டை வீரர் ஆர்ட்டுரோ காட்டி, மறுநாள் ரிங்கில் ஏறும்போது 160 பவுண்டு (சுமார் 72.5 கிலோ) இருந்தார். எதிரே நின்ற ஜோயி கமாஷ் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார். மூளையில் அடி, அதோடு அவர் குத்துச்சண்டை முடிந்தது. ஐ.பி.எஃப். என்ற தொழில்முறைக் குத்துச்சண்டை அமைப்பு, தன் பட்டச் சண்டைகளில் அன்று காலையும் எடை பார்த்து, 10 பவுண்டுக்கு (சுமார் 4.5 கிலோ) மேல் கூடக்கூடாது என்று விதி வைத்திருந்தது.

தம்பி ஆடுவது அமெச்சூர். காலையில் தராசு, சில மணி நேரத்தில் குத்து. ஜெயித்தால் அடுத்த குத்தன்று காலை மறுபடியும் தராசு. 58.5-ஐத் திரும்ப 55 ஆக்க எத்தனை மழைக்கோட்டு வேண்டும்? வினேஷ் போகாட் 2024 பாரிஸில் இரண்டாம் நாள் காலை 100 கிராமில் தங்க வாய்ப்பை இழந்தது இப்படித்தான். அது மல்யுத்தம், ஆனால் தராசு ஒன்றுதானே.

59 கிலோ பையனுக்கு 60 கிலோ பிரிவு தைத்து வைத்த சட்டை மாதிரி. ‘உயரமானவன் வந்துருவான்’ என்று முனகுவான், முனகட்டும். நீர் பிரியும் மாத்திரை பக்கம் மட்டும் போகவிடாதீர்கள். ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கிறது. தலைசுற்றல், மூத்திரம் கறுத்துப் போவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. எடை பார்த்த பிறகு ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட நீராகாரம் சிறுகச் சிறுகக் கொடுங்கள். புரோட்டா சால்னாவெல்லாம் குத்து முடிந்து.

அப்புறம் ஒன்று. மில் திறந்ததும், வெறும் வயிற்றில், ஒரு வாரம் தொடர்ந்து எடை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். அந்தச் சீட்டைக் கோச்சிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், பையனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.