சொல் கேளுங்கள்: ‘சார்ஜ்’ எத்தனை சார்ஜ்!

போனுக்குப் போடுவதும் சார்ஜ், கூரியர்காரர் கேட்பதும் சார்ஜ், போலீஸ் தடியடியும் சார்ஜ். இவற்றுக்குள் உறவு ஏதும் உண்டா?
– விருத்தாசலம் வாசகர்

உண்டு. லத்தீனில் ‘காருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த வினைச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. கார், கார்கோ, கேரி எல்லாம் அதன் பங்காளிகள். துப்பாக்கியில் மருந்து ஏற்றுவது சார்ஜ். 18-ஆம் நூற்றாண்டில் மின்சார ஆய்வாளர்கள் மின்சாரத்தைச் சேமிக்கும் லைடன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்னேற்றுவதற்கும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். தலையில் ஏறும் செலவு, கட்டணம். தோளில் ஏறும் வேலை, பொறுப்பு. ஒருவர் மேல் ஏற்றும் பழி, குற்றச்சாட்டு. ஆயுதத்தைத் தயாராக வைத்துக்கொண்டு பாய்ந்ததிலிருந்து தாக்குதல் என்ற பொருள் வந்திருக்கலாம் என்பார்கள். ‘சார்ஜ் ஏத்து’ என்று நம் ஆட்கள் சொல்வது மூலத்துக்கு வெகு நெருக்கம். பாரம், விலை, மின்சாரம் மூன்றையும் ஏற்றுகிறோம், பொறுப்பை ஏற்கிறோம்.

‘இன் சார்ஜ் ஆஃப்’, ‘இன் த சார்ஜ் ஆஃப்’ இரண்டும் ஒன்றுதானே?
– தென்காசி வாசகி

நேர் எதிர். ‘த டீச்சர் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சில்ட்ரன்’ என்றால் பிள்ளைகள் ஆசிரியையின் பொறுப்பில் இருக்கிறார்கள். அதையே பிள்ளைகள் பக்கமிருந்து சொல்ல ‘த சில்ட்ரன் ஆர் இன் த சார்ஜ் ஆஃப் த டீச்சர்’. விண்ணப்பத்தில் ‘ஐ வாஸ் இன் த சார்ஜ் ஆஃப் ஸ்டோர்ஸ்’ என்று எழுதினால், கிடங்கு உங்களைப் பார்த்துக்கொண்டது என்றாகிவிடும்! ‘ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்’ என்று பதவிப் பெயராக எழுதுவது இந்திய வழக்கம். வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் சூப்பர்வைசர் அல்லது மேனேஜர் என்று போடுவது நல்லது.

‘சார்ஜ்டு ஆஃப் தெஃப்ட்’ சரியா?
– ஆம்பூர் வாசகர்

தவறு. சார்ஜ்டு ‘வித்’, அக்யூஸ்டு ‘ஆஃப்’. பணம் வாங்கினால் சார்ஜ்டு ‘ஃபார்’.

சார்ஜ் ஷீட் போட்டாச்சு என்றால் குற்றம் உறுதியாகிவிட்டதா? டிஸ்சார்ஜ் மனு என்கிறார்களே, அது என்ன?
– மேலூர் வாசகர்

இல்லை. குற்றப்பத்திரிகை என்பது புலனாய்வு முடிந்து போலீஸ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அறிக்கை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 193-ஆம் பிரிவு. கைதானவர் காவலில் இருந்தால் 60 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மரணம், ஆயுள் அல்லது 10 ஆண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றமென்றால் 90 நாள். தவறினால், ஜாமீன் தரத் தயாராக இருப்பவருக்கு அது உரிமையாகக் கிடைக்கும். ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே கேட்டுவிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அதற்குப் பிறகு நீதிபதி ஆவணங்களைப் பார்த்துத் தாமே வகுப்பதுதான் உண்மையான ‘சார்ஜ்’. நீதிமன்றத் தமிழில் குற்றச்சாட்டு வனைதல். வனைவதற்குப் போதிய முகாந்திரம் இல்லை என்று கேட்பது டிஸ்சார்ஜ் மனு. ஏற்கப்பட்டால் அது ‘விடுவிப்பு’. விசாரணை முடிந்து வரும் ‘விடுதலை’ வேறு. விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவர் மீது புதிய ஆதாரம் கிடைத்தால் மீண்டும் நடவடிக்கை வரலாம். நாளிதழ்களே இரண்டையும் குழப்புகின்றன.

மனை வாங்கப் போகிறேன். ‘சார்ஜ் இருக்கா பாருங்க’ என்கிறார் வக்கீல்.
– திண்டிவனம் வாசகி

அந்தச் சொத்தின் மேல் ஏற்றப்பட்ட பணப்பொறுப்பைக் கேட்கிறார். சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 100. அடமானம் வேறு, இது வேறு. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். சொத்தின் மேல் ஏறி நிற்கும் சொத்துவரி பாக்கி அதில் தெரியாது. ஆகவே கடைசி வரி ரசீதைத் தனியே கேட்டு வாங்குங்கள். விற்பவர் பேரில் ஜீவனாம்ச வழக்கோ பாகப்பிரிவினை வழக்கோ நடக்கிறதா என்றும் வக்கீலை விட்டே நீதிமன்றத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.