தெங்கிரி வாங்கும்போது தோலைப் பாருங்கள்

கேள்வி: பட்டர்வொர்த் காலைச் சந்தையில் தெங்கிரி மீன் என்று துண்டு போட்டு வைத்திருந்ததை வாங்கினேன். பக்கத்துக் கடையிலும் தெங்கிரிதான், ஆனால் கிலோவுக்குப் பல வெள்ளி (ரிங்கிட்) கூடுதல். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "இது வஞ்சிரமே இல்லை" என்கிறார். ஏமாந்துவிட்டேனா?
– இல்லத்தரசி, பிறை

பதில்: உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். பினாங்கில் தெங்கிரி என்ற பெயரில் முக்கியமாக இரண்டு மீன்கள் விற்கிறார்கள். தெங்கிரி பாத்தாங் நீண்டு உருண்டிருக்கும்; விலாவில் மேலிருந்து கீழாக நெளிநெளியான கோடுகள். தெங்கிரி பாபான் கொஞ்சம் தட்டை. கோடுகளுக்குப் பதில் புள்ளிகள். இரண்டும் வஞ்சிர இனமே. தூத்துக்குடிப் பக்கம் சீலா, யாழ்ப்பாணத்தில் அறுக்குளா என்பதும் இதைத்தான். ஆகவே பலகையில் வெறும் 'தெங்கிரி' என்றிருந்தால் எது என்று கேளுங்கள்; விலையை அதன் பிறகு ஒப்பிடலாம்.

துண்டு போட்டதில்தான் வம்பே. தோலை உரித்துவிட்டால் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனாலும் சதையின் நிறம் காட்டிக்கொடுக்கும். தெங்கிரி வெளிறி இருக்கும். துண்டு முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தால் அது சூரை, இங்குள்ளவர்கள் தொங்கோல் என்பது. சூரையும் நல்ல மீன்தான், ஆனால் தெங்கிரி விலைக்கு அல்ல! வேறு மீனைத் தெங்கிரி என்று விற்பது மலேசியாவின் 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றம். உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம். நட்டஈடு கேட்கப் பயனீட்டாளர் நடுவர் மன்றமும் உண்டு, கட்டணம் 5 வெள்ளிதான். ஒரு கிலோ மீனுக்காக யார் அவ்வளவு தூரம் போவார் என்கிறீர்களா? அதுவும் நியாயந்தான். அதனால்தான் முழு மீனாக எடுத்து, கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள் என்கிறேன்.

பெயரைவிட ஐஸைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். தெங்கிரி, சூரை, கெம்போங் (கானாங்கெளுத்தி) மூன்றும் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலரும் விட்டுவிடுவது சில வேளை இதுதான். மீன் மேல் பெயருக்கு நாலு ஐஸ் துண்டு பரப்பியிருந்தால் போதாது, மீன் ஐஸுக்குள் புதைந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, முழு மீனின் எடையில் தலையும் குடலும் சேர்ந்தே வரும். தலைக்கும் காசு கொடுத்துவிட்டீர்கள், அதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.